பதின்மூன்றாம் குடும்பம்

கைதடியில் ஒடியல் காயவைக்கும் களத்து மண்
ஒரு கரண்டி.
மாப்பொருள் கலந்த தட்டில் கரைத்துப் பூசி
மூன்று நாள் விட்டேன்.
அயடீன் ஊற்றியதும் தட்டெல்லாம் கருநீலம்,
நடுவே பதினொரு வெறும் வட்டம்.
தின்ற இடம்தான் வெளிச்சம்.

அதில் ஏழாவதை எடுத்து வளர்த்து
அதன் நொதியத்தை வாசித்துத் தரச்சொல்லி
ஐஸ் பெட்டியில் கட்டிக்
கொழும்பு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.
ஒன்பது கிழமை கழித்து வந்தது
ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து,
மூச்சுவிட இடமில்லாத ஒரே சொல்.

பழைய முறை தொழிலைக் கேட்கும்.
தண்ணீரை வைத்து வெட்டுகிறதா, மூன்று.
வெல்லப் பிணைப்பையா, இரண்டு.
பிறகு ஒன்று, பிறகும் ஒன்று,
ஒழுங்கைக்குள் வீட்டு இலக்கம் மாதிரி.
போய்க் கதவைத் தட்டினால்
முன்பின் தெரியாத ஆட்கள்
ஒரே கூரைக்குக் கீழே.

வற்றாளங்கிழங்குக்குள் இருப்பது
நுனியிலிருந்து இரண்டிரண்டாய் நறுக்கும்.
எச்சிலில் இருப்பது
நடுவில் எங்கேயும் கைவைக்கும்.
இரண்டுக்கும் பெயர் அமைலேசு.
பெயரை நம்பிச் சம்பந்தம் பேசேலாது.

புதிய முறை எழுத்தைக் கேட்கும்.
எழுத்து ஒத்தால் குடும்பம்.
என்னுடையது பதின்மூன்று.
உள்ளே எட்டு இழை, வெளியே எட்டுச் சுருள்,
பீப்பாய் மாதிரி ஒரு மடிப்பு.
பதின்மூன்றும் எழுபதும் எழுபத்தேழும்
தூரத்துச் சொந்தம்.
அந்தச் சொந்தத்துக்கு என்ன பெயர் என்று
ஆங்கிலத்தில் வாசித்தபோது உறுத்தவில்லை.
இரண்டாம் வருடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுத
'குலம்' என்று வந்தது.
பேனை கொஞ்சநேரம் நின்றது.

ஏனென்றால் அந்தக் கிழமைதான்
கொக்குவிலில் ஒரு அனெக்ஸ் பார்க்கப் போயிருந்தேன்.
தனிக் குழாய், தனி வாசல்,
ஜன்னலுக்கு வெளியே தேசிக்காய் மரம்.
வீட்டுக்கார அம்மா மாரி பிஸ்கட்டைத்
தேத்தண்ணியில் தோய்த்தபடி
"எவடம் பிள்ளை?" என்றார்.
சங்கானை என்றேன்.
"அப்பா என்ன செய்யிறார்?"
சந்தியில் சலூன் என்றேன். முடி வெட்டுகிறவர்.
பிஸ்கட் பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
அறை நேற்றே ஆருக்கோ சொல்லியாச்சாம்.

அந்த அம்மாவின் வாயில் அப்போது
மாவை வெட்டிக்கொண்டு இருந்ததும்
பதின்மூன்றாம் குடும்பம்தான்.
சைக்கிளை மிதிக்கும்போது
இதை நினைத்துச் சிரிப்பும் வந்தது.
பிறகு,
அதே இரண்டு கேள்வியைத்தான் நானும்
பகல் முழுக்கக் கேட்கிறேன்,
அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்
என்பதும் வந்தது.

ஆனால் பதின்மூன்றில் ஒன்று இருக்கிறது.
நம் கலமென்சவ்வில் நிற்கும் புரதம்.
அதே பீப்பாய்,
வெட்டும் அமிலங்கள் மட்டும் எப்போதோ உதிர்ந்துவிட்டன.
ஒன்றையும் அது வெட்டாது.
வாசலில் நின்று, சாமான் ஏற்றுகிற இன்னொன்றுக்குத்
தோள் கொடுக்கும்.
தொழிலைக் கேட்டிருந்தால்
இதை ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.
எழுத்தைக் கேட்டதால் தெரிந்தது.
கேட்டபிறகும் அதை ஒருவரும்
குடும்பத்திலிருந்து தள்ளிவைக்கவில்லை.

மரம் வரைந்து முடிய இரவு ஒன்பதரை.
என் ஏழாவது, எங்கோ ஒரு வெந்நீரூற்றுப் பற்றீரியாவுக்குப்
பக்கத்தில் போய் இருந்தது.
அந்தக் கணுவில் ஒரு எண்:
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
மயூரதி எட்டிப் பார்த்து
"எழுபதுக்குக் கீழ எண்டால் நம்பாதை,
கிளையை எடு" என்றாள்.
எடுத்தேன்.
ஆறு கோடுகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தன,
ஆர் மூத்தது, ஆர் ஆருக்குக் கிட்ட
என்று ஒன்றும் சொல்லாமல்.
படத்துக்குக் கீழே
'உறவு தீர்மானிக்கப்படவில்லை' என்று தட்டினேன்.
இவ்வளவு காலத்தில் நான் எழுதிய
மிக நல்ல வசனம்.

அப்போது கரண்ட் போனது.
குளிர்ப்பெட்டியைத் திறக்காதே என்றாள் மயூரதி.
திறக்கவில்லை.
உள்ளே தட்டுகள் மெல்ல மெல்லச் சூடேறும்.
ஏழாவது தின்னத் தொடங்கியிருக்கும்.